புகைபோக்கியை எட்டும் முன்: பிரிட்டனின் பாதரச விதியும் சவப்பெட்டியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொள்ளி வைப்பது என்பது இப்போது ஒரு பொத்தானை அழுத்துவதாகிவிட்டது. கிரியைகள் முடிந்து, வாய்க்கரிசி போட்டு, பெட்டி மூடப்பட்ட பிறகு, கொள்ளிக்குரிய பிள்ளையையும் நெருங்கிய உறவினர் சிலரையும் மண்டபத்தின் பின்பக்கம் அழைத்துச் செல்கிறார்கள். என் பெரியப்பாவின் தகனத்தன்று நானும் அப்படிப் போனேன். எஃகுக் கதவு மேலேற, செக்கச்செவேலெனக் கனன்றுகொண்டிருந்த செங்கல் அறைக்குள் பெட்டி ஒரே தள்ளில் போய் நின்றது. கதவு முழுவதும் இறங்குவதற்குள் பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மேல்தாள் சுருண்டு கருகி எரியத் தொடங்கியதைக் கண்டேன். தேக்கு என்று நாங்கள் எண்ணியிருந்த அந்தப் பெட்டி, மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையின்மேல் மரவரி அச்சிட்ட தாளை ஒட்டியது. பித்தளைபோல் மின்னிய கைப்பிடிகள் முலாம் பூசிய பிளாஸ்டிக்.

இரண்டு நாள் கழித்து அஸ்தி வாங்கப் போனபோது, நான் கேட்டதற்காக அங்கிருந்த பணியாளர் ஓர் இரும்புத் தொட்டியைக் காட்டினார். எரிந்தபின் சாம்பலிலிருந்து பிரித்தெடுத்த உலோகங்கள் அதில் கிடந்தன: பெட்டிப் பலகைகளைப் பிணைத்த கம்பிகள், திருகாணிகள், அவற்றின் நடுவே இடுப்பு மாற்று சிகிச்சையில் பொருத்திய உலோகப் பந்துமூட்டு ஒன்று, கொஞ்சமும் மழுங்காமல். அந்த உலைக்குள் என்னவெல்லாம் போகின்றன, அவற்றில் எது சாம்பலில் தங்குகிறது, எது காற்றில் கலக்கிறது என்ற கேள்வி அன்று தொடங்கியது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு, தகனச்சாலைகளின் புகையிலிருந்து பாதரசத்தைப் பிடிப்பதற்காக 2005இல் பிரிட்டனில் எடுக்கப்பட்ட முடிவும், 2012 இறுதிக்குள் அது நடைமுறைக்கு வந்த விதமும் ஆகும். புகைபோக்கி வழியே என்ன வெளியேறும் என்பது, உடல் உலையை அடைவதற்கு வெகுமுன்பே பல் மருத்துவரின் நாற்காலியிலும் பெட்டி செய்பவரின் பட்டறையிலும் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது என்பதையும், உலையின் முடிவில் பொருத்தும் வடிகட்டி அந்தத் தீர்மானத்தின் ஒரு பகுதியை மட்டுமே திருத்த வல்லது என்பதையும் இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

பல்லில் இருந்த பாதரசம்

சொத்தைப் பல்லை அடைப்பதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்ட வெள்ளி நிற அடைப்பில் ஏறக்குறைய பாதிப் பங்கு பாதரசம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளோடு அது பிணைந்திருக்கும்வரை வாய்க்குள் கெட்டியாகக் கிடக்கும். தகன உலையின் வெப்பநிலையோ 800 டிகிரிக்கு மேல். பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், சாதாரண உலையில் அது முழுவதும் புகையோடு வெளியேறிவிடும். வாயுவாகப் போகும் பாதரசம் பல மாதங்கள் காற்றில் மிதந்து, நாடு கடந்து, மழையோடு நீர்நிலைகளில் இறங்குகிறது. சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீனின் உடலில் சேர்ந்து, மீனைத் தின்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் மீன் உண்டவர்கள் பெருமளவில் பாதிக்கப்பட்டது இந்த நஞ்சால்தான். பாதரசம் குறித்த உலக உடன்படிக்கை அந்த ஊரின் பெயரையே தாங்கி 2013இல் கையெழுத்தாகி, 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டனில் இந்தச் சிக்கல் பெரிதானதற்கு ஒரு தலைமுறைக் கதை உண்டு. தேசிய மருத்துவ சேவை 1948இல் தொடங்கும் முன்பு, முதுமைக்குள் பற்களை முற்றிலும் இழந்து பொய்ப்பல் செட்டோடு வாழ்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் இறந்தபோது வாயில் பாதரசமும் இல்லை. அதன்பின் வந்தவர்கள் பல்லைப் பிடுங்காமல் அடைத்துக்கொண்டார்கள். சொந்தப் பற்களோடும் அவற்றில் நிறைந்த அடைப்புகளோடும் முதுமையை எட்டினார்கள். பல் மருத்துவத்தின் அந்த வெற்றிதான் அரை நூற்றாண்டு கழித்துத் தகனச்சாலையின் புகையில் தெரிந்தது. நாட்டின் காற்றில் கலக்கும் பாதரசத்தில் சுமார் 16 விழுக்காடு தகனச்சாலைகளிலிருந்து வருவதாகவும், எதுவும் செய்யாவிட்டால் 2020ஆம் ஆண்டளவில் அவையே மிகப்பெரிய ஒற்றை மூலமாகிவிடும் என்றும் அரசு மதிப்பிட்டது. வடகிழக்கு அட்லாண்டிக் கடலைக் காப்பதற்கான ஓஸ்பார் உடன்படிக்கையின் கீழ் 2003இல் இதற்கெனத் தனிப் பரிந்துரையே வந்திருந்தது.

எரியூட்டும் முன் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்ற யோசனையை உறவினர் எவரும் ஏற்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்வீடனில் பெட்டியோடு செலினியம் அடங்கிய சிறு குப்பியை வைத்து எரித்து, பாதரசத்தை அதனோடு பிணைக்கும் முறை முயலப்பட்டது. பிரிட்டன் அந்த வழியில் போகாமல், புகையை வடிகட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தது.

பாதிக்குப் பாதி

சுற்றுச்சூழல் துறை 2005 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி, புதிதாகக் கட்டப்படும் தகனச்சாலை தொடக்கத்திலிருந்தே வடிகட்டியோடு இயங்க வேண்டும். ஏற்கெனவே இயங்கிவருபவை 2012 டிசம்பர் 31க்குள் தங்கள் தகனங்களில் 50 விழுக்காட்டைப் பாதரச வடிகட்டலின் கீழ்க் கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தப் பாதியை ஒவ்வொரு சாலையும் தனித்தனியே எட்ட வேண்டியதில்லை என்பதுதான் இதன் தனித்தன்மை. தன் தகனங்கள் அனைத்தையும் வடிகட்டும் ஒரு சாலை, பாதிக்கு மேற்பட்ட தன் கூடுதல் பங்கை, வடிகட்டி பொருத்த இயலாத இன்னொரு சாலைக்குக் கணக்கில் கொடுத்து ஈடாகப் பணம் பெறலாம். இதை நிர்வகிக்க, அடக்கம் மற்றும் தகன அதிகார அமைப்புகளின் கூட்டமைப்பு ‘காமியோ’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. உலை உண்மையில் எங்கே வடிகட்டியோடு இயங்கினாலும், செலவு எல்லோர் தலையிலும் பகிரப்பட்டது. கட்டணப் பட்டியல்களில் ‘சுற்றுச்சூழல் கூடுதல் கட்டணம்’ என்ற வரி வந்து சேர்ந்தது அப்போதுதான்.

இந்த ஏற்பாட்டை நான் பெரும்பாலும் ஆதரிக்கிறேன். பாதரச ஆவி தொலைதூரம் பரவும் நஞ்சு. ஆகவே நாடு முழுவதற்குமான மொத்த அளவு குறைவதே முதன்மையானது. வடிகட்டும் இயந்திரத் தொகுதி உலையைவிடப் பெரிய இடத்தை அடைக்கும் என்பதால், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தில் இயங்கும் சிறிய ஊர்ச் சாலையை ஒரே அளவுகோலால் நெருக்கியிருந்தால், அது மூடப்பட்டு, துக்கத்திலிருக்கும் குடும்பங்கள் நெடுந்தூரம் வண்டியில் அலைய நேர்ந்திருக்கும். ஆனாலும் ஒரு குறை மறைக்க முடியாதது. பாதி என்ற இலக்கு, மறுபாதி தொடர்ந்து வெளியேறுவதற்கான அனுமதியும்தான். வடிகட்டியில்லாத புகைபோக்கியின் அருகே குடியிருப்பவருக்கு, நூறு மைல் தொலைவில் வேறொரு சாலை தன் பங்குக்கு மேல் வடிகட்டியிருக்கிறது என்ற கணக்கு எந்த ஆறுதலையும் தராது.

ரெட்டிச் நீச்சல் குளம்

வடிகட்டல் எப்படி நடக்கிறது என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்; எதிர்பாராத ஒரு பயன் அதிலிருந்துதான் கிடைத்தது. முதல் எரிகலத்தில் பெட்டியும் உடலும் எரிய, அங்கிருந்து வரும் வாயு இரண்டாம் எரிகலத்தில் 850 டிகிரியில் குறைந்தது இரண்டு விநாடி நிறுத்தப்படுகிறது. கரும்புகையும் நாற்றமும் அங்கே எரிந்து தீர்கின்றன. பாதரசம் எரிந்து தீரும் பொருளன்று. அதைப் பிடிக்க வேண்டுமானால் வாயுவை ஏறத்தாழ 150 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, அதில் நுண்துளைகள் நிறைந்த கரித்தூளைத் தூவி, பாதரசம் அந்தக் கரியில் ஒட்டிக்கொண்டபின், துணிப்பை வடிகட்டியில் வடிக்க வேண்டும். குளிர்விப்பது மெதுவாகவும் நடக்கக்கூடாது. வாயு இடைப்பட்ட வெப்பநிலையில் அதிக நேரம் தங்கினால் அதிலுள்ள குளோரினும் கரிமச் சேர்மங்களும் கூடி டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சாகத் திரும்பவும் உருவாகும். ஆகவே விரைந்து குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றி ஒன்று கட்டாயமாகிறது. அதில் பிடிபடும் வெப்பத்தை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகராட்சி, அந்த வெப்பத்தைக் காற்றில் கொட்டாமல், பக்கத்திலிருந்த ஏபி ஸ்டேடியம் விளையாட்டு மையத்தின் நீச்சல் குளத்தைச் சூடேற்றப் பயன்படுத்தலாம் என்று 2011இல் முடிவெடுத்தது. ஆண்டுக்கு 14,000 பவுண்டுக்கு மேல் மிச்சமாகும் என்பது மதிப்பீடு. தொழிற்சங்கத் தரப்பிலிருந்து கடுமையான எதிர்ப்பு எழுந்தது; செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால் நகராட்சி மக்களிடம் வெளிப்படையாகக் கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் ஆதரித்தார்கள். உடலிலிருந்து வரும் வெப்பம் என்று பலர் நினைத்து முகம் சுளித்தாலும், உலைக்குள் செலவாவது பெரும்பாலும் குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுதான். ஒரு தகனத்துக்குச் சராசரியாக 285 யூனிட் (கிலோவாட்-மணி) அளவுக்கு எரிவாயு ஆற்றலும் 15 யூனிட் மின்சாரமும் ஆகும் என்பது பிரிட்டனில் பல ஆண்டுகளாக எடுத்தாளப்படும் கணக்கு. அவ்வளவு எரித்துவிட்டு, அந்தச் சூட்டை வானத்துக்கு விடுவதைவிடக் குழந்தைகள் நீந்தும் தண்ணீருக்குக் கொடுப்பது இறந்தவருக்கு எந்த அவமதிப்பும் இல்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

பெட்டியின் பங்கு

பிரிட்டனில் பெட்டியை உடலிலிருந்து பிரித்து எரிப்பதில்லை. தகனச்சாலைக்கு வந்த பெட்டியைத் திறக்காமல் அப்படியே உலைக்குள் செலுத்த வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை நெறி. இறந்தவர் ஏமாற்றப்படாமல் காக்கும் நல்ல நெறி அது. அதன் காரணமாகவே, பெட்டி எதனால் ஆனது என்பது குடும்பத்தின் ரசனையோடு நின்றுவிடாமல் காற்றின் கணக்கிலும் சேர்கிறது.

தகனச்சாலைகளுக்கான அரசு வழிகாட்டுநெறி இதைக் கவனித்திருக்கிறது. பெட்டியிலும் அதன் உள்விரிப்பிலும் பிவிசி, மெலமைன் கூடாது. ஈயம் அல்லது துத்தநாகத் தகடு பதித்த பெட்டியை எரிக்கக்கூடாது. அட்டைப்பெட்டியானால், ஈரத்தில் அது நைந்துபோகாமலிருக்கச் சேர்க்கும் பசையில் குளோரின் இருக்கக்கூடாது. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். அது எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாகிறது, டயாக்ஸினுக்கும் மூலப்பொருளாகிறது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் உடலைக் கொண்டுவரும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அப்படி வரும் பெட்டிகளில் உள்ளே துத்தநாகத் தகடு இருப்பது வழக்கம், தகனத்துக்கு முன் பெட்டியை மாற்ற நேரும்.

தடைசெய்யப்பட்டவற்றைவிட, அனுமதிக்கப்பட்டவற்றைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் எரிக்கப்படும் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை துகள் பலகையிலோ, மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையிலோ செய்தவை. அவற்றைப் பிணைக்கும் பசை யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். 850 டிகிரியில் ஃபார்மால்டிஹைடு சிதைந்துவிடும் என்பதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியது பெட்டி செய்யும் தொழிலாளிதான். ஆனால் யூரியாவோடு வந்த நைட்ரஜன் எங்கும் போய்விடுவதில்லை. அது நைட்ரஜன் ஆக்சைடுகளாகப் புகைபோக்கி ஏறுகிறது. கரித்தூள் வடிகட்டி அதைப் பிடிப்பதுமில்லை.

இதற்கு மாற்றாக விற்கப்படும் ‘பசுமை’ப் பெட்டிகளைப் பற்றியும் நிதானமாகப் பேச வேண்டும். காய்ந்த மரப்பொருள் கிலோவுக்குச் சுமார் 17 மெகாஜூல் வெப்பம் தரும். முப்பது கிலோ எடையுள்ள பெட்டி எரிந்தால் ஏறக்குறைய 140 யூனிட் ஆற்றல் கிடைக்கிறது. அதாவது ஒரு தகனத்துக்கு ஆகும் எரிவாயுவின் பாதியளவு. எடை குறைந்த அட்டைப்பெட்டியைப் பயன்படுத்தும்போது மரம் மிச்சமாகிறது, பிசின் மிச்சமாகிறது. ஆனால் அது தராத வெப்பத்தை உலை எரிவாயுவிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிரம்பு, மூங்கில், வில்லோ என்னும் மரத்தின் கொம்புகள் ஆகியவற்றால் பின்னிய கூடைப்பெட்டிகளில் பசையும் இல்லை, பலகையும் இல்லை. எனினும் காற்று புகும் இடைவெளிகள் நிறைந்திருப்பதால் அவை உலைக்குள் போன கணமே தீப்பற்றிக் குபீரென எரியும். அந்த முதல் சில நிமிடங்களில் காற்றின் அளவைச் சரியாக மாற்றத் தெரிந்த பணியாளர் இல்லையென்றால் அரைகுறையாக எரிந்த புகை கிளம்பும். இங்கிலாந்தின் சாமர்செட்டில் வளரும் வில்லோவும், கப்பலேறி ஆசியாவிலிருந்து வரும் மூங்கிலும் பட்டியலில் ஒரே பெயரில் ‘இயற்கையானவை’ என்று நிற்பதும் எனக்கு உடன்பாடில்லை. சாயமும் பளபளப்புமில்லாத, உள்ளூரில் வளர்ந்த மென்மரத்தில், உலோகம் குறைவாகச் செய்த எளிய பெட்டியே தகனத்துக்கு ஏற்றது என்பது என் முடிவு.

பெட்டிக்குள் வைப்பவையும் இதே கணக்கில் சேரும். முழுத் தேங்காய் உள்ளே போனால் அதன் நீர் ஆவியாகி வெடிக்கும். செங்கல் சுவருக்கும் கதவருகே நிற்பவருக்கும் அது ஆபத்து. இதயத்துடிப்புக் கருவியை அகற்றாமல் அனுப்பினால் அதன் பேட்டரி வெடிக்கும் என்பது 1970களிலேயே தெரியவந்தது. பட்டு என்று உடுத்தி அனுப்பும் பாலியெஸ்டர் சேலையும் பிளாஸ்டிக் மாலையும் வெடிப்பதில்லை, புகையாகின்றன.

தெகிவளையின் அட்டைப்பெட்டி

இலங்கையில் பெட்டிப் பிரச்சினைக்கு வேறொரு முகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பாடையில் வைத்துத் தூக்கிச் சென்று எரிப்பது வழக்கம். இலங்கைத் தமிழ் இந்துக்களிடையிலோ பெட்டியில் கிடத்தி, பெட்டியோடு எரிப்பதே பரவலான வழக்கமாகிவிட்டது. கொரோனாவின் உச்சத்தில், 2021இல், தெகிவளை–கல்கிசை மாநகர சபை உறுப்பினர் பிரியந்த சகபந்து முன்வைத்த யோசனையின் பேரில், மறுசுழற்சித் தாளில் செய்த அட்டைப்பெட்டிகள் பயன்பாட்டுக்கு வந்தன. நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 400 இறப்புகள் நேர்வதாகவும், அவற்றுக்குப் பெட்டி செய்ய 250 முதல் 300 மரங்கள் வரை வெட்டப்படுவதாகவும் அவர் கூறினார். மலிவான மரப்பெட்டியின் விலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அட்டைப்பெட்டிக்கு ஆனது. வேலையும் வருமானமும் முடங்கியிருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் அட்டைப்பெட்டியைப் பற்றிய முதல் கேள்வி, அதன் பசையில் குளோரின் உண்டா என்பது. இலங்கையில் முதல் கேள்வி, எத்தனை மரம் மிஞ்சும் என்பது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு நாடுகளும் கேட்பவை சரியான கேள்விகளே. காட்டின் இழப்பைக் கணக்கில் கொள்ளாத பிரிட்டனின் விதியும், புகையைக் கணக்கில் கொள்ளாத தெகிவளையின் முயற்சியும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ள இடமிருக்கிறது.

காத்திருக்கும் உலை

வடிகட்டியும் பெட்டியும் சேர்ந்தாலும் தொடாத ஒன்று, உலையைச் சூடேற்றும் எரிவாயு. இரவு முழுவதும் குளிர்ந்த உலையைக் காலையில் மறுபடி 850 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கே கணிசமான எரிவாயு செலவாகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தகனங்கள் மட்டுமே நடக்கும் சாலையில் இந்தச் செலவு ஒவ்வொரு தகனத்தின் மீதும் ஏறும். இடைவிடாமல் எட்டுத் தகனம் நடந்தால் குறையும். இதனால்தான், குடும்பத்தின் ஒப்புதலோடு பெட்டியை 72 மணி நேரம்வரை காத்திருக்க வைத்து, தகனங்களைச் சேர்த்து ஒரே ஓட்டமாக நடத்தலாம் என்று பிரிட்டனின் நடைமுறை நெறி அனுமதிக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் இதற்கு இணங்குவது அரிது. கிரியை முடிந்த கையோடு எரியூட்ட வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறோம். அந்த விருப்பத்தை விட்டுக்கொடுக்கும்படி யாரையும் கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் தொடர்ந்து உலை இயங்கும் நாளையும் நேரத்தையும் தகனச்சாலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பக் கிரியை நேரத்தை வைத்துக்கொள்ள எந்தச் சாத்திரமும் தடையில்லை.

தீயே இல்லாத முறையும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பர் 26 அன்று மறைந்தபோது, அவர் விருப்பப்படி கயிற்றுக் கைப்பிடி கொண்ட எளிய பைன் மரப்பெட்டியில் கிடத்தப்பட்டார். பிறகு அவர் உடல் நீர்முறைத் தகனத்துக்கு உட்படுத்தப்பட்டது. பிரிட்டனில் இம்முறையைக் கொண்டுவரப்போவதாகக் கோ-ஆப் ஈமச்சேவை நிறுவனம் 2023இல் அறிவித்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த சூடான நீரில் உடல் சில மணி நேரத்தில் கரைந்து எலும்பு மட்டும் மிஞ்சும். கலத்துக்குள் பெட்டி போவதில்லை. பாதரசம் ஆவியாகும் அளவு வெப்பமும் இல்லாததால், பல் அடைப்புகள் வாயில் இருந்தபடியே கெட்டியாக எலும்புகளுக்கிடையே கிடைக்கும். கையால் பொறுக்கி எடுத்துவிடலாம். உடலோடு அனுப்பும் துணி புரத இழையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை: பருத்தி கரையாது, கம்பளியும் பட்டும் கரையும். கூறைச் சேலை உண்மையான பட்டாக இருந்தால் அதையும் உடுத்தி அனுப்பலாம். சரிகையின் உலோகம் மட்டும் எலும்போடு மிஞ்சும்.